தொழிற்பயிற்சியின் கதவும் வர்க்க ஒற்றுமையும்

1963 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரண்டனர். அன்று மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பேரணியின் முழுப் பெயரைப் பெரும்பாலோர் மறந்துவிட்டனர். வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி என்பதே அது. வேலை என்ற சொல் அதில் முதலில் நின்றது. தலைமை தாங்கிய ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் ஒரு தொழிற்சங்கவாதி. புல்மன் நிறுவனத்தின் ரயில் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினப் பணியாளர்களை 1925இல் சங்கமாகத் திரட்டி, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் நிர்வாகத்தை ஒப்பந்தத்துக்குப் பணியவைத்தவர்.

பேரணியின் கோரிக்கைகளுள் ஒன்று, வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம். அந்தத் தடை யாரையெல்லாம் கட்டுப்படுத்த வேண்டும் என்று கூறும்போது அரசுகள், முதலாளிகள், ஒப்பந்ததாரர்கள், வேலைவாய்ப்பு முகமைகள் ஆகியோருடன் தொழிற்சங்கங்களையும் கோரிக்கைப் பட்டியல் வெளிப்படையாகக் குறித்தது. அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் பெருங்கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ.வின் செயற்குழு பேரணிக்கு ஆதரவு அளிக்க மறுத்தது. வால்டர் ராய்தர் தலைமையிலான மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் போன்றவை தாமாகவே முன்வந்து பங்கேற்றன. அதே கூட்டமைப்பு, பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டப் பிரிவு 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதாடவும் செய்தது.

சட்டத்தை ஆதரித்த கூட்டமைப்பு பேரணியிலிருந்து ஏன் விலகி நின்றது? விடை நாடாளுமன்றத்தில் இல்லை. கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் தொழிற்பயிற்சி வாசலில் இருக்கிறது. தொழிற்பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாக, யார் சேரலாம் என்ற கேள்வியில் ஒரு சங்கத்தின் வர்க்க உணர்வு எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரிந்துவிடுகிறது. இந்தியத் தொழிற்சங்க இயக்கத்துக்கும் அந்த வரலாற்றில் பாடம் உண்டு.

குடும்பச் சொத்தான கைத்தொழில்

அமெரிக்காவில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், தகட்டு வேலையாளர், இரும்புக் கட்டுமானத் தொழிலாளர் ஆகியோரின் சங்கங்கள் ஆலைச் சங்கங்களைப் போன்றவை அல்ல. கட்டடம் முடிந்தால் அந்த இடத்தில் வேலையும் முடிந்துவிடும். ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருப்பார். சங்கம் மட்டுமே நிலைத்திருக்கும். எனவே வேலைக்கு ஆள் அனுப்பும் பொறுப்பைச் சங்கமே ஏற்றது. பழகுநராகச் சேர்பவர் பொதுவாக நான்கைந்து ஆண்டுகள் பகலில் ஊதியத்துடன் வேலை செய்து, அதனோடு வகுப்பிலும் பயில்வார். ஆண்டுதோறும் ஊதியம் உயரும். முடிவில் முழுத் தொழிலாளர் அட்டை கிடைக்கும். அந்த அட்டை இல்லாதவருக்கு நல்ல கூலி கிடைக்கும் பெரிய கட்டுமானங்களில் இடமில்லை.

1937இல் இயற்றப்பட்ட தேசியத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் இந்தப் பயிற்சிகள் பதிவுபெற்றன. ஒப்பந்ததாரர்களும் சங்கமும் சேர்ந்த கூட்டுக்குழுக்களே கட்டுமானத் துறையில் பழகுநரைத் தேர்ந்தெடுத்தன. ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திக் கூலியைக் காப்பது முதலாளிக்கு எதிராகத் தொழிலாளர்கள் உருவாக்கிக்கொண்ட ஆயுதம். அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆயுதம் நாளடைவில் வேறு பக்கம் திரும்பியது. பழகுநராகச் சேர ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவரின் பரிந்துரை தேவைப்பட்டது. உறுப்பினர்கள் தம் மகனையும் மருமகனையும் தம்பியையும் பரிந்துரைத்தனர். வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக இருந்த சங்கத்தில் இந்த ஒரு விதியே போதும். கறுப்பினத்தவருக்கு அனுமதியில்லை என்று பலகை மாட்ட வேண்டிய தேவை இல்லை.

ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ.வின் தலைவர் ஜார்ஜ் மீனியே இந்த மரபில் வந்தவர். அவருடைய தந்தை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி பிளம்பர் சங்கத்தின் தலைவர். மகனும் அதே தொழிலில் பழகுநராகச் சேர்ந்து, அதே சங்கத்தின் வழியாக உயர்ந்தார். 1959இல் நடந்த கூட்டமைப்பு மாநாட்டில் நிறப்பாகுபாடு காட்டும் சங்கங்கள்மீது நடவடிக்கை கோரிய ராண்டால்ஃபை, கறுப்பின மக்கள் அனைவருக்கும் உன்னைக் காவலனாக நியமித்தது யார் என்ற பொருளில் மேடையிலேயே சீறினார். 1964இல் பிராங்ஸ் சந்தைக் கட்டுமானத்தில் ஒரு கறுப்பினத்தவரும் மூன்று போர்ட்டோ ரிக்கர்களும் பிளம்பர்களாகச் சேர்க்கப்பட்டபோது, மீனியின் தாய்ச்சங்க உறுப்பினர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினர். அவர்கள் நால்வரும் சங்க உறுப்பினர் அல்லர் என்பது சொல்லப்பட்ட காரணம். மீனி அந்த வெளிநடப்பை ஆதரித்தார். உறுப்பினராகும் வழியை அடைத்துவைத்துவிட்டு, உறுப்பினர் அல்லர் என்று குற்றஞ்சாட்டுவதே அங்கு நடந்தது.

கறுப்பினத்தவருக்குத் திறமை போதாது என்ற வாதமும் அடிக்கடி எழுந்தது. தென் மாநிலங்களில் அடிமைமுறை நிலவிய காலத்தில் தச்சு, கொத்து, கொல்லு வேலைகளில் பெரும்பங்கு கறுப்பினக் கைவினைஞர்களுடையது. அடிமைமுறை ஒழிந்தபின் உருவான கைவினைச் சங்கங்கள் அவர்களை வெளியே நிறுத்தின. புதிய கருவிகளும் புதிய தொழில்களும் வந்தபோது பயிற்சியின் கதவு மூடியிருந்தது. திறமை இல்லாமை காரணமன்று. அது விலக்கலின் விளைவு.

மதிப்பெண் கூடியதும் குற்றமானது

நியூயார்க்கின் தகட்டு வேலைத் தொழிலாளர் சங்கக் கிளை 28இன் கதை இதற்குத் தெளிவான சான்று. அந்தக் கிளையில் ஒரு கறுப்பின உறுப்பினரோ பழகுநரோ அதுவரை இருந்ததே இல்லை என்று 1964இல் மாநில மனித உரிமை ஆணையம் கண்டறிந்தது. பழகுநர் தேர்வு பெரும்பாலும் உறுப்பினர்களின் உறவு வட்டத்துக்குள்ளேயே நடந்தது என்றும் அது குறிப்பிட்டது. அதன்பின் நீதிமன்றம் பரிந்துரை முறையை ஒழித்து எழுத்துத் தேர்வைப் புகுத்தியது.

அக்காலத்தில், சோசலிஸ்டுகளால் 1936இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் பாதுகாப்புக் கழகம் ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்திவந்தது. கறுப்பின, போர்ட்டோ ரிக்க இளைஞர்களைத் தேடிப் பிடித்து, கணக்கும் வடிவியலும் கற்பித்து, விண்ணப்பம் நிரப்புவது முதல் நேர்காணல் வரை உடன் நின்று பழகுநர் தேர்வுக்கு அனுப்பியது. அதை நடத்தியவர் எர்னஸ்ட் கிரீன். 1957இல் லிட்டில் ராக் நகரின் வெள்ளையர் பள்ளிக்குள் ராணுவப் பாதுகாப்புடன் நுழைந்த ஒன்பது கறுப்பின மாணவர்களில் ஒருவர். அப்பள்ளியில் படிப்பை முடித்த முதல் கறுப்பின மாணவரும் அவரே. பள்ளியின் கதவைத் திறந்தவர் பின்னர் பட்டறையின் கதவைத் தட்டினார்.

பயிற்சி பலித்தது. தகட்டு வேலைத் தேர்வு ஒன்றில் கறுப்பின இளைஞர்கள் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். உடனே தேர்வு முடிவை ஏற்க முடியாது என்று சங்கத் தரப்பு மறுத்தது. மதிப்பெண்கள் இயல்புக்கு மீறி உயர்ந்திருக்கின்றன என்பதே அது கூறிய காரணம்! குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தால் தகுதியில்லை. உயர்ந்த மதிப்பெண் பெற்றால் நம்பத்தகுந்ததில்லை. நீதிமன்றம் தலையிட்டே அந்த முடிவை ஏற்கவைக்க வேண்டியிருந்தது. பிற்கால வழக்கில் இன்னொன்றும் வெளிப்பட்டது. உறுப்பினர்களின் மகன்களும் உறவினர்களும் தேர்வுக்குத் தயாராவதற்கான சிறப்பு வகுப்புகளுக்குச் சங்கம் தன் நிதியிலிருந்து செலவிட்டிருந்தது. வேலை மிகுந்து ஆட்கள் போதாதபோதும் புதிய உறுப்பினரைச் சேர்க்காமல், வெளியாட்களுக்கு நூற்றுக்கணக்கான தற்காலிக அனுமதிகள் வழங்கியது. அவற்றுள் வெள்ளையர் அல்லாதவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

1975இல் நீதிமன்றம் 29 விழுக்காடு வெள்ளையரல்லாத உறுப்பினர் என்ற இலக்கை விதித்தது. அது நிறைவேறாததால் 1982இல் ஒன்றரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த இலக்கை உறுதிசெய்தது. 1964இல் தொடங்கிய வழக்கு முடிவதற்குள் ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் வாசலிலேயே வயதாகிவிட்டனர்.

ஆளும் வர்க்கத்தின் கணக்கு

இந்தப் பிளவை யார் பயன்படுத்திக்கொண்டனர் என்பதே முதன்மையான கேள்வி. 1963இல் பிலடெல்ஃபியாவிலும், நியூயார்க்கின் ஹார்லெம், புரூக்ளின் மருத்துவமனைக் கட்டுமானங்களிலும் கறுப்பின மக்கள் மறியல் செய்தனர். புரூக்ளினில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். 1969இல் சிகாகோவிலும் பிட்ஸ்பர்க்கிலும் அரசுப் பணத்தில் எழுந்த கட்டுமானங்கள் மறியலால் நின்றன. அந்த அழுத்தத்தின் விளைவாகவே 1969இல் நிக்சன் அரசு பிலடெல்ஃபியா திட்டத்தை அறிவித்தது. அரசுப் பணியை ஏற்கும் ஒப்பந்ததாரர்கள் ஆறு கைத்தொழில்களில் சிறுபான்மையினரைக் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்க்க இலக்கு வகுக்க வேண்டும் என்றது அது. அத்தொழில்களின் சங்கங்களில் அப்போது சிறுபான்மையினர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

கோரிக்கை நியாயமானது. அதை எடுத்துக்கொண்ட கை நியாயமானதன்று. கறுப்பின மக்களையும் தொழிற்சங்கங்களையும் எதிரெதிராக நிறுத்தும் வாய்ப்பை நிக்சன் இதில் கண்டார் என்று அவருடைய நெருங்கிய ஆலோசகரே பின்னாளில் எழுதினார். நடந்ததும் அதுவே. 1970 மே மாதம் நியூயார்க்கில் வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்களைத் தலைக்கவசம் அணிந்த கட்டடத் தொழிலாளர்கள் தாக்கினர். அதே மாதத்தில் அந்நகரக் கட்டடத் தொழிற்சங்கங்களின் தலைவர் பீட்டர் பிரென்னன் வெள்ளை மாளிகைக்குச் சென்று அதிபருக்குத் தலைக்கவசம் பரிசளித்தார். 1973இல் அவரே தொழிலாளர் துறை அமைச்சரானார். இடையில் 1971 பிப்ரவரியில், அரசுக் கட்டுமானங்களில் வட்டாரத்தில் நிலவும் கூலியைத் தர வேண்டும் என்ற டேவிஸ்-பேக்கன் சட்டத்தையே நிக்சன் சில வாரங்கள் நிறுத்திவைத்தார். கறுப்பினத் தொழிலாளிக்கு ஒரு கையால் வேலையை நீட்டியவர், மறு கையால் எல்லாத் தொழிலாளரின் கூலியையும் குறைக்க முயன்றார்.

பெரு நிறுவனங்கள் இன்னும் தொலைநோக்குடன் செயல்பட்டன. கட்டுமானக் கூலி உயர்வைத் தடுக்கவென்றே 1969இல் பெரும் முதலாளிகள் ஓர் அமைப்பை உருவாக்கினர். 1972இல் பிசினஸ் ரவுண்ட்டேபிள் உருவாக அடித்தளமானவற்றுள் அதுவும் ஒன்று. சங்கம் இல்லாத ஒப்பந்ததாரர்களுக்கு வேலைகள் சென்றன. 1970களின் தொடக்கத்தில் கட்டுமானத் தொழிலாளரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் சங்க உறுப்பினர். இன்று அது நூற்றுக்குப் பத்து அளவில் நிற்கிறது. இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும், சங்கம் வெளியே நிறுத்திவைத்த தொழிலாளி, சங்கத்தைக் காக்க ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்குப் பழைய தலைவர்களிடம் விடை இல்லை. சிறு வட்டத்துக்குள் காக்கப்பட்ட கூலி, அந்த வட்டத்துக்கு வெளியே நின்ற பெரும் படையாலேயே தாழ்த்தப்பட்டது. இங்கிலாந்தில் ஆங்கிலேயத் தொழிலாளிக்கும் ஐரிஷ் தொழிலாளிக்கும் இடையே வளர்க்கப்பட்ட பகைமையே, அமைப்பாகத் திரண்டிருந்தும் அந்த வர்க்கம் வலுவிழந்து கிடந்ததற்குக் காரணம் என்று மார்க்ஸ் 1870இல் எழுதிய கடிதத்தில் கண்டறிந்தது இங்கும் பொருந்துகிறது.

கெய்சர் ஆலை காட்டிய வழி

வேறு வழி இருந்ததா? இருந்தது. லூசியானா மாநிலத்தின் கிராமெர்சியில் கெய்சர் நிறுவனத்தின் ஆலை ஒன்று இயங்கியது. வட்டார உழைப்பாளரில் சுமார் 39 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். ஆனால் ஆலையின் 273 கைத்தொழில் வல்லுநர்களில் ஐவரே கறுப்பினத்தவர். அனுபவம் உள்ளவர்களையே வெளியிலிருந்து எடுப்போம் என்றது நிர்வாகம். அனுபவம் தரும் சங்கங்களோ கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை.

1974இல் எஃகுத் தொழிலாளர் சங்கம் கூட்டுப்பேரத்தின் வழியாக இந்தச் சுழலை உடைத்தது. ஆலைக்குள்ளேயே கைத்தொழில் பயிற்சி தரப்படும்; கறுப்பினத்தவரின் பங்கு வட்டார உழைப்பாளர் விகிதத்தை எட்டும்வரை பாதி இடங்கள் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். முதலாண்டில் பதின்மூவர் தேர்வாயினர். எழுவர் கறுப்பினத்தவர், அறுவர் வெள்ளையர். இடம் கிடைக்காத வெள்ளைத் தொழிலாளி ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1979இல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

அந்த ஆறு வெள்ளையர் இடங்களையே கவனிக்க வேண்டும். 1974க்கு முன் அந்த ஆலையின் உற்பத்திப் பிரிவில் இருந்த வெள்ளைத் தொழிலாளிக்கும் கைத்தொழில் வல்லுநராக உயரும் வழி கிடையாது. வல்லுநர்கள் வெளியிலிருந்தே வந்தனர். கறுப்பினத் தொழிலாளிக்காகத் திறக்கப்பட்ட கதவின் வழியாக வெள்ளைத் தொழிலாளியும் முதன்முறையாக உள்ளே நுழைந்தார். ஒடுக்கப்பட்டவருக்குத் தரும் இடம் மற்றவரிடமிருந்து பறித்தது என்ற வாதம் எங்கும் ஒலிக்கிறது. கெய்சர் ஆலை அதற்குத் தரும் பதில் எளியது: போராடாதிருந்தால் பறிகொடுக்க இடமே இருந்திருக்காது.

பம்பாய் நெசவுக்கூடம் முதல் இன்றைய சட்டம் வரை

இந்தியாவில் நிறத்தின் இடத்தில் சாதி நிற்கிறது. பம்பாய் பஞ்சாலைகளில் கூலி கூடுதலாக இருந்த நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட தொழிலாளர்களுக்கு இடமில்லை. நெசவு நாடாவில் தார் மாற்றும்போது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வாய்பட்டதைத் தொட மாட்டோம் என்றனர் சாதி இந்துத் தொழிலாளர்கள். 1928ஆம் ஆண்டின் மாபெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தத் தடையை நீக்கும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். வேலைநிறுத்தத் தலைமை தயங்கித் தயங்கியே அதை ஏற்றது. தடையை விதித்தவர்கள் நாங்கள் அல்லர் என்று ஆலை முதலாளிகள் கைகழுவிக்கொண்டனர். அந்தப் பதில் அவர்களுக்கு வாய்த்ததே இயக்கத்தின் பலவீனம். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1938 நவம்பர் 7 அன்று, தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் இணைந்து வேலைநிறுத்தம் நடத்தினர். ஒற்றுமை சாத்தியம் என்பதற்கு அந்த நாள் சான்று. அது நிலைக்க என்ன வேண்டும் என்பதற்கு 1928 சான்று.

இன்று பயிற்சியின் கதவைக் காப்பது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். 1973இல் செய்த திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கியது. பொதுத்துறை, தனியார்த்துறை என்ற வேறுபாடின்றி முதலாளியே இடம் ஒதுக்க வேண்டும் என்று கூறும் அரிய சட்டங்களுள் இது ஒன்று. 2007இல் பிற பிற்படுத்தப்பட்டோரும் சேர்க்கப்பட்டனர். தகுந்தவர் கிடைக்காவிட்டால் இடங்களை மற்றவர்களால் நிரப்பலாம் என்ற வாசகமும் அதே சட்டத்தில் இருக்கிறது. ‘கிடைக்கவில்லை’ என்ற சொல்லைச் சரிபார்ப்பது யார்? தகட்டு வேலைச் சங்கத்துக்கும் பல்லாண்டுகள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. தேடிச் சென்றவர்களுக்குக் கிடைத்தனர். மதச் சிறுபான்மையினருக்கு அச்சட்டத்தில் தனி ஒதுக்கீடு இல்லை. மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள் ரயில்வே ஊழியரில் 4.5 விழுக்காடு மட்டுமே என்று சச்சார் குழு 2006இல் கூறியது. அந்த இடைவெளியும் பயிற்சிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறது.

அமெரிக்கப் பழகுநருக்கும் இந்தியப் பழகுநருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பயிற்சி முடித்தவர் முழுத் தொழிலாளரானார். அதனால்தான் கதவை இறுக மூடினர். இங்கே கதவு அகலத் திறக்கப்படுகிறது, ஆனால் அதற்கு அப்பால் வேலை இல்லை. பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்கிறது சட்டத்தின் 18ஆம் பிரிவு. உடல்நலம், பாதுகாப்பு, விபத்து இழப்பீடு நீங்கலாகப் பிற தொழிலாளர் சட்டங்கள் அவர்களைத் தொடுவதில்லை. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையை நீக்கி அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பதா என்பதை முதலாளியின் சொந்தக் கொள்கைக்கு விட்டது. 2019இல் விதிகள் மாற்றப்பட்டு, ஒரு நிறுவனம் தன் ஆள்பலத்தில் 15 விழுக்காடு வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வழிசெய்யப்பட்டது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் தொழிலாளர் என்ற சொல்லுக்குப் பழகுநரையும் உள்ளடக்கிப் பொருள் கூறியது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு பழகுநரை நீக்கிப் பொருள் கூறுகிறது. ஒரு சொல் மாறியதில் ஐ.டி.ஐ. முடித்து வரும் ஒரு தலைமுறை இளைஞர்கள் கூட்டுப்பேரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் சொற்ப உதவித்தொகைக்குச் செய்து, ஆண்டு முடிந்ததும் வெளியேறி, அடுத்த அணிக்கு இடம்விடும் இளைஞர்களை நிரந்தரத் தொழிலாளர் சங்கம் எப்படிப் பார்க்கிறது? தம் பிள்ளைக்கு வாரிசு வேலை கேட்கும் ஒப்பந்தக் கோரிக்கையோடு பல இடங்களில் பார்வை நின்றுவிடுகிறது. இது கிளை 28 சென்ற பாதையின் தொடக்கம். எந்தச் சங்கமும் இனவெறியைத் தீர்மானமாக நிறைவேற்றி அந்தப் பாதையில் இறங்கவில்லை. தன் மகனுக்கு ஓர் இடம் என்ற இயல்பான ஆசையின் வழியாகவே இறங்கியது.

ஆகவே தொழிற்சங்கங்கள் முன் உள்ள பணிகள் தெளிவானவை. பழகுநரைச் சங்கத்தில் சேர்க்கவும், அவர்களுக்காகப் பேரம் பேசவும் வேண்டும். பழகுநர் தேர்வு விவரங்களைச் சமூகப் பிரிவுவாரியாக வெளியிடுமாறு ஒவ்வோர் ஆலையிலும் கோர வேண்டும். ஒதுக்கப்பட்ட இடம் காலியாகும்போது ஆள் தேடும் பொறுப்பைச் சங்கமே ஏற்று, தலித் குடியிருப்புகளுக்கும் பழங்குடி ஊர்களுக்கும் முஸ்லிம் பகுதிகளுக்கும் சென்று இளைஞரைத் தயார்படுத்த வேண்டும். பயிற்சி முடித்தவருக்கு வேலையில் முன்னுரிமை என்பதை ஒப்பந்தத்தில் எழுதவைக்க வேண்டும். பயிற்சி முடித்த பழகுநருக்கு, மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியது இக்கோரிக்கைக்குத் துணைநிற்கும்.

கதவைச் சங்கம் திறக்காவிட்டால் ஒருநாள் அரசு திறக்கும். தனக்கு ஏற்ற வேளையில், தனக்கு ஏற்ற கூலியில். நிக்சன் காலத்து அமெரிக்கத் தொழிலாளி அதன் விலையை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறார். கெய்சர் ஆலைத் தொழிலாளர்களைப் போலச் சங்கமே கதவைத் திறந்தால், உள்ளே வருபவரும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரும் ஒரே மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்து நிர்வாகத்துடன் பேச முடியும்.